முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்படாதவை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, சங்கத்தின் வாசகர் வட்டத்தின் சார்பில் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வாசகர் வட்டம் பேசப்போகிறது என்றதும் சிலப்பதிகாரமோ கம்பராமாயணமோ என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்டது துப்பறியும் நாவல். அதுவும், பொலிஸ் வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பற்றி. முன்வரிசையில் இருக்கும் சில அக்காமார் சிரிப்பதைக் காண்கிறோம். புவியியல் புத்தகத்துக்குள் வைத்து நாங்கள் எல்லோரும் எதைப் படித்தோம் என்பது இந்த மண்டபத்துக்குத் தெரியும். எங்களைப் பிடித்த ஆசிரியைகளும் அதைப் பறித்துக்கொண்டுபோய் முடிவுவரை படித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்கள் என்பது பின்னாளில் அவர்களே சொல்லத் தெரிந்தது.

தமிழில் இந்த வகைக் கதைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் கதைகளைத் தழுவி எழுதத் தொடங்கி வைத்தார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள். ராஜேஷ்குமார் வந்தார். ஒன்றைக் கவனியுங்கள். சங்கர்லால் தனியார் துப்பறிவாளர்; கணேஷும் வசந்தும் சட்டத்தரணிகள். இக்கதைகள் பலவற்றில் பொலிஸார் வருவது பெரும்பாலும் கடைசியில், விலங்கு மாட்டுவதற்கு. பொலிஸ் நிலையத்தின் உள்ளே இருந்தவர், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து முறைப்பாடு எழுதியவர், கதை சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியோடுதான் எங்கள் வட்டம் டொரதி யூனாக்கிடம் போய்ச் சேர்ந்தது.

டொரதி யூனாக் 1930ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். 1953ஆம் ஆண்டு அந்நகரின் போக்குவரத்துப் பொலிஸில் சேர்ந்தார். நகரத்தின் நிலக்கீழ் புகையிரதங்களுக்கென்று அந்நாளில் தனியாக ஒரு பொலிஸ் படை இருந்தது. முடிச்சுமாறிகள், குடிகாரர்கள், நெரிசலில் பெண்களிடம் கைவரிசை காட்டுபவர்கள் என்று அப்படைக்கு வேலைக்குக் குறைவில்லை. பஸ்ஸில் பாடசாலைக்கு வந்துபோன எங்களுக்கு அந்தக் கடைசி வகையினரைப் பற்றி விளக்கம் தேவையில்லை. ஆயுதம் வைத்திருந்த ஒருவனை மடக்கிப் பிடித்ததற்காக வீரச்செயலுக்கான பாராட்டையும் யூனாக் பெற்றார். மொத்தம் 14 ஆண்டுகள் சேவை. அதில் பெரும்பகுதி துப்பறியும் பணி.

அந்தக் காலத்தை எமது நாட்டோடு பொருத்திப் பார்ப்போம். இலங்கைப் பொலிஸில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1952இல். அதாவது யூனாக் நியூ யோர்க்கில் சீருடை அணிவதற்கு ஓராண்டு முன்னரே இங்கே பெண்கள் அணிந்துவிட்டார்கள். ஆனால் ஒரு பெண் பிரதிப் பொலிஸ்மா அதிபராவதற்கு 2020வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. கதவு திறப்பது ஒன்று, மாடிப்படி ஏறவிடுவது இன்னொன்று.

நியூ யோர்க்கிலும் இதே கதைதான். அந்நகரின் பிரதான பொலிஸ் திணைக்களத்தில் இருந்த ஃபெலிஷியா ஷ்பிரிட்ஸர் என்ற பெண், 1961இல் சார்ஜன்ட் பதவிக்கான பரீட்சைக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு அந்தப் பரீட்சை இல்லை என்றார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1963இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அடுத்த ஆண்டு பரீட்சை எழுதி, 1965இல் அவரும் கெர்ட்ரூட் ஷிமல் என்பவரும் அங்கே முதல் பெண் சார்ஜன்ட்கள் ஆனார்கள். யூனாக் வேறொரு படையில் இருந்தார். ஆனால் காற்று ஒன்றுதான். பெண் என்பதால் காட்டப்பட்ட பாரபட்சமே தாம் வேலையை விட்டதற்குக் காரணம் என்று பின்னர் அவர் சொன்னார்.

வேலையில் இருக்கும்போதே, 1964இல், தமது அனுபவங்களை வைத்து 'பொலிஸ்வுமன்' என்ற நூலை எழுதினார். வேலையை விட்ட பின் அவர் எழுதியவை நாவல்கள். முதல் நாவல் 1968இல் வந்த 'த பெய்ட்'. தூண்டிலில் கோக்கும் இரை என்று பொருள். அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் வழங்கும் எட்கர் விருதை, சிறந்த முதல் நாவலுக்காக இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டது அது.

அந்த நாவலின் கதாநாயகி கிறிஸ்டி ஒபாரா. கணவரும் பொலிஸ்காரர், இறந்துவிட்டார். சிறு பிள்ளையை வைத்துக்கொண்டு மாமியாரோடு வாழ்கிறாள். வேறொரு பெரிய வேலைக்காகப் போகும் வழியில், புகையிரதத்தில் பெண்கள் முன்னால் அநாகரிகமாக நடந்துகொண்ட ஒருவனைக் கைதுசெய்கிறாள். மேலதிகாரிக்கு எரிச்சல். பெரிய வழக்கைப் பிடிக்கப் போனவள் சில்லறை வழக்கோடு வந்து நிற்கிறாள் என்பது அவர் எண்ணம். கதை போகப்போக, அந்தச் 'சில்லறை' எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் நாவல்.

எங்கள் வட்டத்தில் இந்த இடத்தைப் பற்றி நெடுநேரம் பேசினோம். ஏனென்றால் 'சில்லறை வழக்கு' என்பது ஆண் அதிகாரிகளின் அகராதியில் இருக்கும் சொல். பெண்களுக்கு நடப்பவற்றில் பாதி அந்தத் தலைப்பின் கீழ்த்தான் வரும். புகையிரதத்தில் நடந்தது, வீட்டுக்குள் நடந்தது, தொலைபேசியில் வந்தது. ஒரு பெண் பொலிஸ் அதிகாரிக்குத்தான் அந்தச் சில்லறையின் எடை தெரிந்திருந்தது. அதை மேலிடத்துக்கு அறிக்கையாக எழுதினால் கோப்பில் போடுவார்கள். நாவலாக எழுதினால் ஆயிரக்கணக்கானவர்கள் இரவு விளக்கை அணைக்காமல் படிப்பார்கள்.

யூனாக் தனி ஒருவர் அல்லர். அதே காலத்தில் அமெரிக்காவின் மறுகரையில், லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸில் ஜோசப் வொம்போ என்ற சார்ஜன்ட் எழுதத் தொடங்கினார். அவரும் 14 ஆண்டுகள்தான் சேவையில் இருந்தார், 1960 முதல் 1974வரை. 'த நியூ செஞ்சூரியன்ஸ்' என்ற அவரது முதல் நாவல் 1971இல் வந்தபோது அவர் சீருடையில்தான் இருந்தார். படமும் எடுத்தார்கள். பிறகு நடந்தது வேடிக்கை. அவர் பிடித்த சந்தேகநபர்களே அந்தப் படத்தில் நடித்த நடிகரைப் பற்றி அவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்களாம். அப்புறம் எப்படிப் பொலிஸ் வேலை பார்ப்பது? விலகினார்.

வொம்போ அடிக்கடி சொன்ன ஒரு கருத்து உண்டு. ஒரு வழக்கைப் பொலிஸ்காரர் எப்படித் துலக்குகிறார் என்பது பெரிதல்ல, அந்த வழக்கு அந்தப் பொலிஸ்காரரை என்ன செய்கிறது என்பதுதான் கதை என்பது அதன் சாரம். 1963இல் இரண்டு பொலிஸ்காரர்கள் கடத்தப்பட்டு, ஒருவர் வெங்காயத் தோட்டம் ஒன்றில் சுடப்பட்டார். மற்றவர் இருளில் ஓடித் தப்பினார். 'த அனியன் ஃபீல்ட்' என்ற நூலில் வொம்போ அதிகம் கவலைப்பட்டது தப்பியவரைப் பற்றித்தான். உயிரோடு திரும்பியவரைத் திணைக்களம் எப்படிப் பார்த்தது, அவர் தம்மைத்தாமே எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் அதன் கனம். தப்பி வந்தவர்களின் மனச்சுமை என்னவென்று இந்த மண்டபத்தில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

யூனாக்கும் கிறிஸ்டி ஒபாராவோடு நிற்கவில்லை. 1973இல் 'லோ அண்ட் ஓர்டர்' என்ற பெரிய நாவல் வந்தது. ஐரிஷ் வம்சாவளிப் பொலிஸ் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. அது வந்த காலத்தைப் பாருங்கள். நியூ யோர்க் பொலிஸாரின் இலஞ்ச ஊழலை விசாரித்த நாப் ஆணைக்குழு 1972 முடிவில்தான் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆணைக்குழு அறிக்கை யார் எவ்வளவு வாங்கினார் என்று சொல்லும். ஒரு நல்ல மனிதன் முதன்முறை வாங்கிய அன்று இரவு வீட்டில் எப்படிச் சாப்பிட்டான் என்று சொல்ல நாவல் வேண்டும்.

1985இல் 'விக்டிம்ஸ்' வந்தது. தெருவில் ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள், அயலவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் இறங்கி வரவில்லை. படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 1964இல் நியூ யோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொல்லப்பட்ட கிற்றி ஜெனோவீஸ். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று அப்போது பத்திரிகை எழுதியது. உலகம் முழுவதும் உளவியல் பாடப்புத்தகங்களில் அந்த 38 ஏறியது. எங்களில் பலரும் அதைப் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று அதே பத்திரிகை 2016இல் ஒத்துக்கொண்டது. முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலரே; அயலவள் ஒருத்தி இறங்கி ஓடிவந்து, இறந்துகொண்டிருந்தவளைத் தாங்கிப் பிடித்தும் இருக்கிறாள்.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த பாடம் ஒன்று. உண்மைச் செய்தி என்று பெயர் போட்டு வந்தது பிழையாக இருந்தது. கற்பனை என்று பெயர் போட்டு வந்த நாவல், 'அவர்கள் ஏன் இறங்கி வரவில்லை?' என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்க் கேட்டது. எண்ணிக்கை சொல்லிக் குற்றம் சாட்டுவது சுலபம். கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவளின் பயத்தையும் எழுதுவது கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்ய, வீடு வீடாகத் தட்டி வாக்குமூலம் எடுத்துப் பழகிய ஒருவருக்கு முடிந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து இந்தியப் பொலிஸ் சேவைக்குத் தெரிவான முதற்பெண் ஜி. திலகவதி. 1976ஆம் ஆண்டுத் தொகுதி. இளைப்பாறும்வரை உயர்பதவிகளில் இருந்தவர். அத்தனை குற்றங்களைக் கண்ட அவரிடமிருந்து நாம் துப்பறியும் நாவலைத்தான் எதிர்பார்ப்போம். ஆனால் 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவரது 'கல்மரம்', கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது. கல்லும் மண்ணும் சுமக்கும் பெண்களின் நாவல். பொலிஸின் கண் குற்றவாளியை மட்டும் காண்பதில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாக வந்துபோனவர்களையும் காண்கிறது.

சகோதரிகளே, இப்போது எமது வீட்டுக்கு வருவோம்.

எமது பாடசாலை பொலிஸாரை அதிகம் உருவாக்கவில்லை. ஆனால் ஆசிரியைகள், மருத்துவத்தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்கள், நன்னடத்தை உத்தியோகத்தர்கள், சட்டத்தரணிகள், பிறப்பு இறப்புப் பதிவாளர்கள், கச்சேரி லிகிதர்கள் என்று நூறு ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பதிவேடு இருந்தது. இடாப்பு, நோயாளர் அட்டை, இடம்பெயர்ந்தோர் பட்டியல், காணாமற்போனோர் விண்ணப்பம். அந்தப் பதிவேடுகளில் கட்டங்கள் இருந்தன. பெயர், வயது, முகவரி, திகதி. கட்டத்துக்குள் அடங்காதது கையெழுத்துப் போட்டவளின் நெஞ்சில் தங்கிவிட்டது. இடாப்பில் சிவப்பு மையால் கோடு போட்டவளுக்குத்தான் தெரியும், அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று.

மொழி என்ற இன்னொரு சிக்கலும் எமக்கு உண்டு. பொலிஸ் நிலையத்தில் ஒரு தாய் தமிழில் சொல்வாள். அது சிங்களத்தில் எழுதப்படும். தனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் அவள் கையெழுத்திட்டுவிட்டு வருவாள். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணிநேரமும் இருமொழி தெரிந்த உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும் என்று விதந்துரைத்ததற்குக் காரணம் இதுதான். அப்படிக் கையெழுத்தான தாள்களில் எத்தனை கதைகள் குறைப்பிரசவமாகக் கிடக்கின்றன! மொழிபெயர்ப்பாளராக அருகில் நின்ற எமது பழைய மாணவிகளுக்கு, அந்தத் தாய் உண்மையில் என்ன சொன்னாள் என்பது தெரியும். அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

"இளைப்பாறிவிட்டோம், இனி என்ன?" என்று கேட்கும் அக்காமாருக்கு எங்கள் வட்டத்தின் பதில், எழுதுங்கள் என்பதுதான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று எங்களுக்குத் தெரியும். நாங்களும் எமக்குள் இவற்றை வைத்து வாதாடியிருக்கிறோம்.

முதலாவது, "அது மற்றவர்களின் இரகசியம் அல்லவா?" சரியான கேள்வி. தாதியிடம் நோயாளி சொன்னதும், ஆசிரியையிடம் பிள்ளை சொன்னதும் சந்தைக்கு உரியவை அல்ல. நாவல் என்ற வடிவத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது. யூனாக் தாம் கண்டவர்களின் பெயரை எழுதவில்லை. கிறிஸ்டி ஒபாராவை உண்டாக்கினார். ஊரை மாற்றலாம், தொழிலை மாற்றலாம், மூன்று பேரை ஒருவராக்கலாம். ஆளை மறைத்து அவள் பட்டதைச் சொல்ல முடியும். சம்பந்தப்பட்டவர் வாசித்தால் தன்னை அடையாளம் கண்டு நோவாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நோவார் என்றால் இன்னும் மாற்றுங்கள், அல்லது எழுதி வைத்துவிட்டு வெளியிடாமல் இருங்கள்.

இரண்டாவது, "எங்களுக்கு எழுதத் தெரியாது." பொலிஸாரின் எழுத்து ஏன் நம்பும்படி இருக்கிறது என்று யோசியுங்கள். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதப் பழகிய கை அது. எத்தனை மணிக்கு, எந்தக் கதவால், கையில் என்ன இருந்தது. பதிவேடு எழுதிய கைகளுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. அலங்காரம் தேவையில்லை. விறாந்தையில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், மேசையில் பேனை இருந்ததா, வந்தவள் கதிரையின் நுனியில் இருந்தாளா, சாய்ந்து இருந்தாளா என்று எழுதினால் போதும். மிச்சத்தை வாசகர் விளங்கிக்கொள்வார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. யூனாக்கின் இன்னொரு நாவலான 'த லெட்ஜர்' 1974இல் தொலைக்காட்சிக்குப் போய், 'கெட் கிறிஸ்டி லவ்!' என்று உருமாறியது. நாவலிலிருந்த விதவைத் தாய் மறைந்து, சண்டையும் சாகசமுமாக வேறொருத்தி வந்தாள். கறுப்பினப் பெண் ஒருத்தியைத் தொலைக்காட்சியில் பொலிஸ் நாயகியாகக் காட்டியதற்காக அந்தத் தொடர் இன்றும் நினைக்கப்படுகிறது, அது நல்லதே. ஆனாலும் யூனாக் எழுதியவள் அவளல்ல. எங்கள் கதையை நாங்கள் எழுதி வைக்காவிட்டாலும் கதை சும்மா இருக்காது. வேறு யாராவது தமக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் எங்கள் வட்டம் ஒரு சிறு வேலையைத் தொடங்குகிறது. பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரித் தட்டு எமக்குத் தரப்பட்டிருக்கிறது. தங்கள் தொழில் வாழ்வில் கண்ட ஒன்றை, கதையாகவோ கட்டுரையாகவோ, ஒரு கொப்பியில் எழுதி அனுப்புங்கள். ரொறன்ரோவில் இருப்பவரும் சரி, மட்டக்களப்பில் இருப்பவரும் சரி. பெயர் போட விரும்பாதவர் கல்வி கற்ற ஆண்டை மட்டும் போடலாம். வெளியிட வேண்டாம் என்று முகப்பில் எழுதினால் அந்தக் கொப்பி கட்டி வைக்கப்படும். நீங்கள் சொல்லும் ஆண்டுவரை திறக்கப்படாது. கண் மங்கிய அக்காமார் சொல்லச்சொல்ல எழுதிக்கொடுக்க உயர்தர வகுப்பு மாணவிகள் சம்மதித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடம்.

இன்றைய மாணவிகளுக்கும் ஒரு சொல். உங்களில் யாராவது பொலிஸில் சேர விரும்பினால், தமிழ் எழுதத் தெரிந்த ஒருத்தி அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறாள் என்பதே முறைப்பாட்டோடு வரும் ஒரு தாய்க்குப் பெரிய ஆறுதல். போங்கள். இளைப்பாறிய பின் எங்களுக்கு ஒரு நாவல் கொண்டுவாருங்கள். புவியியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்க அடுத்த நூற்றாண்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.